பாம்புக்குக் காது கிடையாது

ஜூன் 12, புதன்

காலையில் போரூர் வந்து சேர்ந்தேன். யமுனா கட்டிலில் கிடக்கிறாள். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தியிருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய் இளகிவிட்டதாம், தையல் போட்டிருக்கிறது. கழிப்பறைக்குப் போக மட்டும் எழுந்திருக்கலாம். ஏற்கெனவே நாலாம் மாதத்தில் ஒன்று, ஐந்தாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிற்று. இந்தத் தடவை செப்டம்பர் வரையாவது பிள்ளை உள்ளே இருந்தாக வேண்டும். அதற்குத்தான் வீட்டுக்காரரை விருதுநகரில் ஓட்டல் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சம்பந்தி பச்சையம்மாள் எனக்கு முன்பே குடியாத்தத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மகனிடம் சொல்லிக் கூடத்து டிவியைப் படுக்கையறைக்குத் தூக்கிவரச் செய்து, கட்டிலை ஒட்டித் தரையில் காலை நீட்டிப் பட்டாணி உரித்துக்கொண்டே படம் பார்க்கிறார். என் மகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள்.

நான் உள்ளே நுழைந்தபோது திரையில் ஒரு பாம்பு லிஃப்டில் ஏறி, வாலால் நான்காவது மாடிப் பொத்தானை அழுத்தியது.

"வாங்க டீச்சர், குந்துங்க. அதும் புருசனக் கொன்னவன் ஆபீசுக்குத்தான் வந்துகினு கீது" என்றார் சம்பந்தி.

முப்பத்திரண்டு வருஷம் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்தியவளை இப்படி வரவேற்றார்கள்.

ஜூன் 13, வியாழன்

எழுதினால்தான் வயிற்றெரிச்சல் ஆறும்.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. மகுடிக்கு அது ஆடாது. ஆட்டுகிறவன் கையைப் பார்த்துத்தான் அசையும். இமை கிடையாது, அதனால் கண் சிமிட்டாது. நேற்றைய பாம்பு கண் சிமிட்டியது மட்டுமல்ல, அழுதது. பால் அதற்கு ஆகாது. முகத்தை நினைவு வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் துரத்துகிற மூளை அதற்கு இல்லை. இந்தப் பாம்போ செத்த புருஷனின் கண்ணில் பதிந்த கொலைகாரன் படத்தைப் பார்த்துவிட்டு, அவன் விலாசம் விசாரிக்கத் தபாலாபீசுக்குப் போகிறது.

இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன். சம்பந்தி நாகரிகமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "பாம்பு லிப்டுல போவுமா டீச்சர்? எனுக்குத் தெரியாதா? சும்மா ஒரு தமாசுக்குப் பாக்கறதுதான்."

யமுனா விழுந்து விழுந்து சிரித்தாள். படுத்துக்கொண்டே அப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. தையல் போட்ட வயிறு, இப்படிக் குலுங்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

டாக்டரிடம் போனில் கேட்டேன். தாராளமாகச் சிரிக்கலாமாம். இந்தக் காலத்து டாக்டர்களுக்கு எல்லாமே தாராளம்தான்.

இந்த நாலு நாளில் என் கண்ணில் பட்ட பாவங்கள்: தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த ஒரு படத்தில் கதாநாயகன் ஜீப்பைக் கன்னத்தில் அறைகிறான். ஜீப் மூன்று குட்டிக்கரணம் போடுகிறது. வாய் மூடிய பிறகும் வசனம் வந்துகொண்டே இருக்கிறது. இன்னொன்றில் ஒரு கிடா, தாலியை வாயில் கவ்விவந்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிறது. மூன்றாவதில் அம்மனே நர்ஸ் வேஷத்தில் வந்து ஏழைக் குழந்தைக்கு ஊசி போடுகிறாள். ஊசியை எங்கே போடுவது என்றுகூட அம்மனுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் போட்டால் குழந்தைக்குக் கால் விளங்காமல் போகும்.

அதைச் சொன்னேன். "அம்மன் போட்டா ஒண்ணும் ஆவாது டீச்சர்" என்றார் சம்பந்தி, சிரித்துக்கொண்டே.

யமுனாவுக்காக நான் போனில் வீணை இசை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். நல்ல கட்டுரைப் புத்தகங்கள் நாலும் கொண்டுவந்தேன். "அப்புறம் கேக்கறேம்மா" என்கிறாள். அப்புறம் அடுத்த படம் ஆரம்பித்துவிடுகிறது.

ஜூன் 19, புதன்

இன்றும் பாம்பு. வேறு பாம்பு.

ஜூன் 24, திங்கள்

லிஃப்டில் போன பாம்பின் படத்தை மறுபடி போட்டார்கள். இந்தத் தடவையும் பாதியில் நிறுத்தி, மீதி நாளைக்கு என்றார்கள். வில்லன் மலேசியாவுக்கு ஓடிவிட்டான். தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டர் வேறு செத்துக் கிடக்கிறார். யார் கொன்றது என்று தெரியவில்லை. பாம்பாக இருக்க முடியாது, கடித்த தடம் காட்டவில்லை.

பாம்பு எப்படி மலேசியா போகும் என்று மாமியாரும் மருமகளும் பந்தயம் கட்டினார்கள். யமுனா ஏரோப்ளேன் என்றாள், சம்பந்தி கப்பல் என்றார். "நீ என்னம்மா சொல்ற?" என்று என்னையும் கேட்டாள். பறக்கும் பாம்பு என்று சொல்லப்படும் இனம்கூட மரத்துக்கு மரம் சறுக்குமே தவிரக் கடல் தாண்டாது என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பால் கொண்டுபோனேன். "அத்தை, இங்க தொட்டுப் பாருங்க, அசையுது" என்று யமுனா சம்பந்தியின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். நான் வாசற்படியில் டம்ளரோடு நின்றேன். இருவர் முகமும் டிவி வெளிச்சத்தில் நீலமாக இருந்தது. பால் ஆறிப்போனதால் திரும்பிப் போய்ச் சுடவைத்தேன்.

இந்தக் கண்றாவிக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று பிற்பகல் டிவி ஓடவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

காலையில் சமையற்கட்டில் சம்பந்தியிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். விஞ்ஞானம் பேசினால் தமாசு என்று தள்ளிவிடுவார் என்று தெரியும். அதனால் அவருக்கு ஏறுகிற பாஷையில் பேசினேன்.

"சம்பந்தி, பிள்ளத்தாச்சி கண்ணுல பாம்பு படக் கூடாது. படத்துல வர்ற பாம்புன்னாலும் தோஷம் தோஷந்தான். கரு தங்காதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க."

எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கத்தி நின்றது. "நெசமாவா டீச்சர்?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

"மொத தபா புள்ள வயித்துல இருக்கசொல்லவும் பாத்தோம். ரெண்டாவது தபாவும் பாத்தோம். நான்தான் போட்டேன்" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்ப முடியாது.

தோஷம், திருஷ்டி, சகுனம் எல்லாம் ஆளை அடக்கிவைக்கக் கண்டுபிடித்த பயம் என்று வகுப்புக்கு வகுப்பு சொன்னவள் நான். கிரகணத்தன்று ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த உடற்பயிற்சி டீச்சரைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போய் வானத்தைப் பார்க்க வைத்திருக்கிறேன். ஆனால் கசப்பு மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுப்பதில்லையா? இது அந்த மாதிரி.

ஜூன் 27, வியாழன்

சம்பந்தி ஊருக்குப் போய்விட்டார். "ஊர்ல வேல கீது டீச்சர். புள்ளயப் பாத்துக்கோங்க" என்றார். படுக்கையறைக்குள் போகவில்லை, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று விடைபெற்றார். யமுனா "உள்ள வாங்க அத்தை, ஏன் அங்கயே நிக்கறீங்க?" என்று இரண்டு முறை கேட்டாள். "வேணாம் கண்ணு, நல்லா இரு" என்று மட்டும் சொன்னார்.

போகிற ஆளை நான் தடுக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் எதற்கு? மாப்பிள்ளை தரணிகுமார் டிவியைக் கூடத்துக்கே தூக்கிவந்து வைத்துவிட்டார். அறையைப் பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில் எத்தனை பட்டாணித் தோல்! ஜன்னலைத் திறந்ததும் காற்று வந்தது.

ஜூலை 3, புதன்

காலையில் வீணை. பதினோரு மணிக்குக் கட்டுரை வாசித்தேன். யமுனா 'ம்' கொட்டுகிறாள். பிற்பகல் முழுக்கச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். ஓய்வு கிடைக்கிறது, நல்லதுதான்.

கேபிளுக்கு மாசாமாசம் கட்டுகிற காசுக்கு என்னதான் வருகிறது என்று கூடத்தில் டிவியைப் போட்டுப் பார்த்தேன், சத்தம் குறைத்துத்தான். அந்தப் பாம்புப் படத்தின் இரண்டாம் பாதியை மறுபடி போட்டிருந்தார்கள். பாம்பு கப்பலில் போகிறது. நங்கூரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. சம்பந்தி சொன்னதுதான் சரி. கப்பலில் ஒரு கைக்குழந்தை தவறிக் கடலில் விழ, பாம்பே குதித்துக் காப்பாற்றி அதன் தாயிடம் சேர்க்கிறது. சகிக்கவில்லை. கண்ணில் ஏதோ விழுந்து நீராக வந்தது. இந்த ஊரில் அவ்வளவு தூசி.

போஸ்ட்மாஸ்டரைக் கொன்றவன் யார் என்பதைக் காட்டுவதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் யமுனாவின் பாவாடையில் ரத்தக் கறை. ஆட்டோ வேண்டாம் என்று ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம். மாப்பிள்ளைக்குப் போனில் விலாசம் சொல்ல வரவில்லை. நான்தான் சொன்னேன்.

ஜூலை 11, வியாழன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தையல் விடவில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது. யமுனாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. "சரியாத் தூங்கறதில்லையா? மனசுல எதையாவது போட்டுக் குழப்பிக்கிறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். யமுனா என்னைப் பார்த்தாள், பிறகு "இல்ல டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "எப்படியாவது சந்தோஷமா வச்சுக்கோங்க, அது போதும்" என்றார். வீட்டுக்கு வந்து வீணையை வைத்தேன். "தலை வலிக்குதும்மா, நிறுத்தேன்" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

மாப்பிள்ளை காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? எங்கம்மாகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"என்ன சொல்லணும்?"

அவருடைய அண்ணி ஊரிலிருந்து போன் செய்தாராம். அம்மா ஒருவேளைதான் சாப்பிடுகிறாராம். வெறும் தரையில் படுக்கிறாராம். வெள்ளிக்கிழமை தோறும் ஏரிக்கரைப் புற்றுக்கு நடந்துபோய்ப் பால் ஊற்றுகிறாராம். வீட்டு டிவியை எதிர்வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். "'ரெண்டு புள்ளயயும் நான்தான் வாரித் தின்னுட்டேன்'னு அழறாங்களாம் அத்தை. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்களாம். டீச்சருக்குத் தெரியும்னு மட்டும் ஒரு தடவ சொன்னாங்களாம்."

படுக்கையறைக் கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அம்மா, இங்க வா" என்றாள் யமுனா.

போனேன். கேட்டாள். ஆமாம் சொன்னேன், உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் தையலுக்கு ஆகாது என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவள் கத்தவில்லை.

"முதல் தடவ போனப்ப நீ வந்து என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? குறையுள்ள கரு தானா கழிஞ்சிரும், இயற்கை தன் வேலையச் செஞ்சிருக்குன்னு சொன்ன. ரெண்டாவது தடவயும் அதையேதான் சொன்ன. கருவுல ஒரு குறையும் இல்லம்மா. என் கர்ப்பப்பை வாய்தான் சரியில்ல. அது தெரியாமயே பாடம் நடத்திட்டு ஊருக்குப் போயிட்ட."

போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

"அத்தை வந்து ஒண்ணுமே சொல்லல. பக்கத்துல படுத்துக்கிட்டாங்க. பாம்புப் படம் போட்டாங்க. ஒரு பாம்பு புல்லட் ஓட்டுச்சு. அதப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிச்சுக்கிட்டே அழுதேன். அப்புறம் அவங்க ஊட்டிவிட்டாங்க. மூணு நாள் கழிச்சு அன்னைக்குத்தான் சோறு தின்னேன்."

பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

எனக்கு என்னை நினைத்தாலே குமட்டுகிறது. எத்தனையோ வருஷம் தவளையையும் கரப்பானையும் அறுத்த கை, எதற்கும் அருவருத்ததில்லை. இன்று கண்ணாடி பார்த்துத் தலை சீவவே பிடிக்கவில்லை.

லிஃப்டில் போன பாம்பைச் சம்பந்தி ஒருநாளும் நம்பவில்லை. ஜீப்பை அறைந்தவனையும், தாலி எடுத்துக் கொடுத்த கிடாவையும் நம்பவில்லை. அந்தப் படங்களால் அவருக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. நான் சொன்னதை நம்பினார்.

ஜூலை 21, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு லீவு. யமுனாவை அவரிடம் விட்டுவிட்டு ரயிலேறிக் குடியாத்தம் போய்வந்தேன்.

சம்பந்தி இளைத்துவிட்டார். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்குகிறது. என்னைக் கண்டதும் பதறி, "புள்ளக்கி ஒண்ணுமில்லயே?" என்றார். ஒன்றுமில்லை என்றதும்தான் உட்காரச் சொன்னார். கூடத்துச் சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

நேராகச் சொல்லிவிட்டேன். "சம்பந்தி, அன்னைக்கு நான் சொன்னது பொய். அப்படி ஒரு தோஷமும் கிடையாது. நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்கு எம்மாம் பெரிய மனசு டீச்சர். எம்மேல பாவப்பட்டு, என்னெத் தேத்தறதுக்கு இவ்ளோ தூரம் வந்துகீறீங்க."

"தேத்தல. நெசமாவே பொய்தான் சொன்னேன்."

"டீச்சர் பொய் சொல்லுவாங்களா? அன்னிக்கே நான் கேட்டேனே, நான் எதுக்குப் பொய் சொல்றேன்னீங்களே."

ஒரு காகிதம் வாங்கிக் கர்ப்பப்பைப் படம் வரைந்தேன். வாய் எங்கே, தையல் எங்கே, இளகினால் என்ன ஆகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முடித்ததும், "அது தானா எளகுமா டீச்சர்? ஏதோ ஒண்ணு பட்டுத்தானே எளகும்" என்றார்.

எனக்கு இலை போட்டு, கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும் வைத்தார். அவர் சாப்பிடவில்லை, இன்றைக்கு விரதமாம். நான் அத்தனையையும் சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தால் அவர் மனசு நோகும்.

ரயில் ஏற்றிவிட வந்தவர், "புள்ள பொறந்தா சொல்லி அனுப்புங்க. தூரத்துலர்ந்து ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

யமுனாவிடம் என் யோசனையைச் சொன்னேன். சரி என்றாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சரி என்று சொன்ன முதல் காரியம் இது.

பிற்பகல், கூடத்து டிவியைப் பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் படுக்கையறைக்கே தூக்கிவந்தேன். அந்தப் பாம்புப் படத்தை இணையத்தில் தேடிப் போட்டாள் யமுனா. முழுச் சத்தம். பிறகு சம்பந்திக்கு வீடியோ கால் போட்டு, போனை ஜன்னல் கம்பியில் சாத்திவைத்தேன். கட்டிலும் டிவியும் நானும் ஒருசேரத் தெரிகிற மாதிரி.

பாம்பு படமெடுத்து முழுத்திரைக்கு நின்றது.

"ஐயோ டீச்சர், நிறுத்துங்க! ஏ புள்ள, கண்ண மூடு, கண்ண மூடு!" போனுக்குள்ளிருந்து சம்பந்தி அலறினார்.

"நிறுத்த மாட்டேன்" என்றேன். யமுனாவின் வயிற்றில் கையை வைத்தேன். "இதோ இருக்கு உங்க பேரப்பிள்ளை. எனக்கும் பேரப்பிள்ளைதான். நானே பாம்பைப் போட்டு என் மகளைப் பாக்கவைக்கிறேன். தோஷம் இருந்தா நான் இதைச் செய்வேனா? சொல்லுங்க."

"புள்ள, நீயாச்சும் கண்ண மூடும்மா" என்று மறுபடி கெஞ்சினார். யமுனா கண்ணை மூடவில்லை. "அம்மா பொய்தான் சொல்லிருக்கா அத்தை. எனக்கு ஒண்ணும் ஆகல. பாருங்க, உதைக்குது" என்றாள்.

சம்பந்தி கெஞ்சலை நிறுத்தினார். பாம்பு ஒரு பாட்டுக்கு ஆடி முடிக்கும்வரை அவர் பேசவில்லை. போன் அணைந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"அப்ப, தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

சொல்வதற்கு நல்ல காரணங்கள் சில வைத்திருந்தேன். யமுனாவின் ஓய்வு, பிள்ளையின் மூளை வளர்ச்சி, நல்ல இசை. ஒன்றும் வாயில் வரவில்லை. "இந்தப் படமெல்லாம் பாக்க எனக்குச் சகிக்கல. நீங்க ரெண்டு பேரும் சேந்து பாக்கறதும் சகிக்கல" என்றேன்.

"அதுக்கா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் முகம் மாறியது. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. செருப்பில்லாத காலை எதிலோ வைத்துவிட்டவர் முகம் அது. அந்த முகத்தோடு என்னையே பார்த்துவிட்டுப் போனை வைத்தார்.

ஜூலை 25, வியாழன்

சம்பந்தி வந்துவிட்டார். ஒரு கட்டைப்பை, அதில் இரண்டு கிலோ பட்டாணி. நேரே படுக்கையறைக்குள் போனார். யமுனாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அப்புறம் டிவி சத்தம் கேட்டது.

மதியம் சமையற்கட்டுக்கு வந்து, "யமுனா அம்மா, உப்பு எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இனிமேல் நான் அவருக்கு டீச்சர் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று மூன்று படம். ஒன்றில் ஒரு கழுகு கோர்ட்டில் சாட்சி சொன்னது. யமுனாவின் ரத்த அழுத்தம் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 17, சனி

படுக்கையறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தாள் யமுனா. உட்கார்ந்தேன். பாதிப் படத்தில், "போஸ்ட்மாஸ்டரைக் கொன்னது யாருன்னு கடைசி வரைக்கும் காட்டவே இல்லையே" என்று கேட்டுவிட்டேன். அது வேறு படம் என்று அப்புறம்தான் உறைத்தது.

சம்பந்தி பட்டாணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யமுனாதான், "அது தம்பிக்காரன்மா. நீ கடைசி வரைக்கும் எப்பப் பாத்த?" என்றாள். எழுந்துபோய்த் துணி மடித்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பெண் குழந்தை. நேற்றுத் தையலைப் பிரித்தார்கள், இன்று காலை பிறந்துவிட்டாள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குரல் மட்டும் ஆறு கிலோ. யமுனா நன்றாக இருக்கிறாள். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பார்த்தவர்கள் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் குழந்தையை அறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒரு துளி இனிப்பைத் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்போம், அவர்கள் பக்கம் சர்க்கரைத் தண்ணி. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சர்க்கரையும் கூடாது, தேனும் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தாய்ப்பாலில் ஒரு சொட்டு வேண்டுமானால் உதட்டில் தடவுங்கள் என்று போனால் போகிறதென்று விட்டுக்கொடுத்தாள்.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அத்தையே வைக்கட்டும். படிச்சவங்க, டீச்சர். அவங்க வச்சாத்தான் பாப்பாவுக்குப் படிப்பு வரும்" என்றார். ஒரு சொட்டுத் தாய்ப்பால் எடுத்து வைத்திருந்த பாலாடையை என் பக்கம் நீட்டினார்.

யமுனா குழந்தையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தாள். ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு முதல் முறையாகச் சம்பந்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார், அவருக்கு அந்த வழக்கம் இல்லை.

குணம் சொட்டுப் பாலில் இறங்கி வராது. அது பரம்பரையிலும் வளர்ப்பிலும் வருவது. வருஷா வருஷம் இதைத்தான் பாடமாக நடத்தினேன், பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன். சேனை என்பது கிருமியைத் தவிர வேறெதையும் பிள்ளைக்குக் கொடுக்காத சுத்த மூடநம்பிக்கை. இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

கழுவித் தயாராக இருந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சம்பந்தி வைக்கட்டும்" என்றேன்.